நூறு எம்பிபிஎஸ் வருதுல்ல, அப்புறம் என்ன சார் பிரச்சினை?

டிஸ்கி: கேம் ஆடுறதே வெட்டி வேலைன்னு நினைக்கிறவங்க இங்கேயே எஸ்கேப் ஆயிடலாம். ஆனா ஆபீஸ் வீடியோ கால்ல உங்க மூஞ்சி அப்பப்போ சிலை மாதிரி நின்னுடுதுன்னா இருந்து படிச்சுட்டுப் போங்க. வியாதி ஒண்ணுதான்.

பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் போட்டு "கேம் லேக் ஆகுது"ன்னு சொல்லிப் பாருங்க. முதல் பதில், "ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்க சார்." போடுறோம். 97 வருது. "நூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு 97 வருதுல்ல, அப்புறம் என்ன சார் பிரச்சினை?" அவ்ளோதான். டிக்கெட் க்ளோஸ். அஞ்சு நிமிஷத்துல "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்.எம்.எஸ். வேற வந்து சேரும். நாம ஙே-ன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்.

இதை நான் அறியாமைன்னு சொல்ல மாட்டேன். ஏமாத்து வேலைன்னுதான் சொல்வேன். போன்ல பேசுற பையனைச் சொல்லலை, பாவம், அவனுக்கு எதிர்ல ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதைப் படிக்கிறான். அந்த ஸ்கிரீன்ல எழுதிக் கொடுத்தவங்களைச் சொல்றேன். அவங்களுக்கு நெட்வொர்க்னா என்னன்னு நல்லாவே தெரியும். கேம் ஆடுறவனுக்கு வேகம் பிரச்சினையே இல்லைன்னும் தெரியும். தெரிஞ்சும், தங்களால காப்பாத்த முடிஞ்ச ஒரே ஒரு நம்பரை மட்டும் வித்துட்டு, மத்த நம்பரைப் பத்தி நாம கேக்கும்போது மறுபடி அதே நம்பரையே காட்டுறாங்க. தலைவலின்னு போனா, உயரத்தை அளந்து பார்த்துட்டு "ஆறடி இருக்கீங்களே, ஆரோக்கியமாத்தான் இருக்கீங்க"ன்னு அனுப்புற டாக்டர் மாதிரி.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். வாலரன்ட்டை எடுத்துக்குவோம், நம்ம பசங்க பாதிப் பேர் அதுலதான் கிடக்கிறாங்க. அதோட சர்வர் ஒரு வினாடிக்கு 128 தடவை ஆட்டத்தோட நிலைமையைக் கணக்குப் போடுது. அதாவது 7.8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. நீங்க எங்க நிக்கிறீங்க, எதைப் பார்த்து சுடுறீங்கங்கிற தகவல் குட்டிக் குட்டிப் பாக்கெட்டா போகும். மத்தவன் எங்க நிக்கிறான்ங்கிறது அதே மாதிரி வரும். எல்லாத்தையும் சேர்த்தாலும் பொதுவா ஒரு எம்பிபிஎஸ்-க்குள்ள அடங்கிடும். உங்க நூறுல ஒண்ணு கூடத் தேவையில்லை. அப்புறம் 200 எம்பிபிஎஸ் பிளானை "கேமிங் பிளான்"னு பேர் வச்சு விக்கிறது எதுக்கு? அந்தப் பிளானை வாங்கினா அப்டேட் சீக்கிரம் டவுன்லோடு ஆகும். ஆடும்போது ஒரு மயிரிழை வித்தியாசமும் இருக்காது.

சென்னைவாசிகளுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா தண்ணி லாரி. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி வாரம் ஒரு தடவை வருது. கணக்குப்படி தாராளம். ஆனா இப்போ தொண்டை அடைச்சுக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி வேணும்னா அந்தப் பன்னிரண்டாயிரத்தால என்ன பிரயோஜனம்? கேமுக்கு வேண்டியது டம்ளர். ஆனா வினாடிக்கு 128 டம்ளர், ஒண்ணு விடாம, சொன்ன நேரத்துக்கு.

அந்த "சொன்ன நேரம்" எவ்ளோன்னும் கணக்குப் போடலாம். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலேர்ந்து மும்பை நேர்கோட்டுல ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். போக அஞ்சு, வர அஞ்சு, ஆக மொத்தம் 10 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டுல போகாது, ரோட்டையும் ரயில் பாதையையும் ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போகும். நடுவுல ரவுட்டர்கள் வேற. அதனால நடைமுறையில 20, 30 வந்தா நியாயம். அதுக்குக் கீழ கேட்டா இயற்பியலோட சண்டை போடணும், நான் வரலை. ஆனா 30 வர வேண்டிய இடத்துல நிமிஷத்துக்கு ரெண்டு தடவை 300-க்கு எகிறிட்டுத் திரும்புச்சுன்னா அது இயற்பியல் கிடையாது, யாரோ ஒருத்தரோட தப்பு. பிங் 80-லேயே நிலையா நின்னா கூட கை அதுக்குப் பழகிடும். இந்த ஏத்த இறக்கம்தான் கொல்லும். இதுக்குப் பேரு ஜிட்டர். பாக்கெட் வழியிலேயே தொலைஞ்சு போச்சுன்னா பாக்கெட் லாஸ். நூத்துக்கு ரெண்டு பாக்கெட் தொலையுதுன்னா "ரெண்டே ரெண்டு பர்சன்ட்தானே"ன்னு தோணும். வினாடிக்கு 128 அனுப்புற ஆட்டத்துல அது வினாடிக்கு ரெண்டரை ஓட்டை.

சரி, இது எதுவுமே ஸ்பீட் டெஸ்ட்ல ஏன் தெரியலை? முதல் காரணம், ஸ்பீட் டெஸ்ட் தானாத் தேர்ந்தெடுக்கிற சர்வர் பெரும்பாலும் பக்கத்துல இருக்கிறது, பல சமயம் அதே கம்பெனி வச்சிருக்கிறது. வீட்டு வாசல்ல ஓடிக் காட்டிட்டு மாரத்தான் முடிச்சேன்னு சொல்ற மாதிரி. ரெண்டாவது, அது ஒரே நேரத்துல பல இணைப்பு திறந்து டி.சி.பி. வழியா இழுக்கும். டி.சி.பி.யில தொலைஞ்ச பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கிக்கலாம், அதனால லாஸ் வெளியே தெரியாது. கேம் பெரும்பாலும் யு.டி.பி. தொலைஞ்சா தொலைஞ்சதுதான். அரை வினாடி முன்னாடி எதிரி எங்க நின்னான்னு இப்போ தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? அப்புறம் டெஸ்ட் ஓடுறதே பதினஞ்சு வினாடி, உங்க பிரச்சினை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். இப்போ சில டெஸ்ட்டுகள்ல டவுன்லோடு ஓடும்போது பிங் என்ன, அப்லோடு ஓடும்போது என்னன்னும் தனியா காட்டுறாங்க. நல்ல விஷயம். எந்தக் கஸ்டமர் கேராவது அந்த நம்பர் என்னன்னு உங்ககிட்ட கேட்டிருக்கா?

கேக்க மாட்டாங்க. அதனால நாமளே அளந்து, நாமளே ஆதாரம் வச்சுக்கணும். இதுக்குக் காசு குடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேணாம். பிங்னு ஒரு குட்டி நிரல் இருக்கே, மைக் மூஸ்ங்கிறவர் 1983 டிசம்பர்ல எழுதினது, அது இன்னைக்கும் எல்லாப் பொட்டியிலயும் இருக்கு. நீர்மூழ்கிக் கப்பல்ல சோனார் போடுற சத்தம்தான் அந்தப் பேரு.

செய்ய வேண்டியது இது. மூணு கருப்பு ஜன்னல் திறங்க. முதல் ஜன்னல்ல உங்க ரவுட்டருக்கு பிங், பெரும்பாலும் 192.168-ல ஆரம்பிக்கிற முகவரி. ரெண்டாவதுல ரவுட்டரைத் தாண்டின உடனே வர்ற கம்பெனியோட முதல் முகவரிக்கு (ட்ரேஸ்ரூட் போட்டா ரெண்டாவது வரியில வரும்). மூணாவதுல மும்பையில இருக்கிற, பிங்குக்குப் பதில் சொல்ற ஏதாவது சர்வருக்கு. 8.8.8.8 போட்டா ஆகாது. அது ஒரே முகவரியில ஊர் ஊரா உக்காந்திருக்கிற ஆசாமி, பக்கத்துல இருக்கிறது பதில் சொல்லிட்டு "எல்லாம் சௌக்கியம்"னு அனுப்பிடும். விண்டோஸ்ல பிங் நிக்காம ஓடணும்னா -டி சேர்த்துக்கங்க. மூணையும் ஓட விட்டுட்டு ஆட்டத்தை ஆரம்பிங்க. ஆட்டத்துக்குள்ளேயே பிங், பாக்கெட் லாஸ் வரைபடம் காட்டுற வசதி இருந்தா அதையும் போட்டுக்கங்க. எகிறினவுடனே ஆல்ட்-டேப் அடிச்சுப் பாருங்க. (ராங்க் மேட்ச்ல இதைச் செஞ்சுட்டு டீம்காரன் திட்டினா நான் பொறுப்பில்லை.)

முதல் ஜன்னலே எகிறியிருந்தா குத்தம் வீட்டுக்குள்ள. வைஃபை. அடுக்குமாடியில 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் மொத்தமே மூணு, 1, 6, 11. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடுன்னு இருபது ரவுட்டர் அந்த மூணுக்குள்ள அடிச்சுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையிலதான் சத்தம் போடும். ஒரு லேன் கேபிள் வாங்கி நேரா சொருகிட்டு மறுபடி பாருங்க. இதைச் செய்யாம கம்பெனியைத் திட்டுறவங்க நம்மாளுங்கள்லயே நிறைய இருக்காங்க, அவங்களால நியாயமான புகாருக்கும் மதிப்பு போயிடுது. கேபிள் போடாம பேசாதீங்க மக்களே.

முதல் ஜன்னல் சுத்தமா இருந்து ரெண்டாவது எகிறினா, உங்க வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவுல. இங்கதான் விஷயம் சூடாகுது. காலையில ஏழு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை அளந்து பாருங்க. காலையில 3, ராத்திரி 60-ன்னா அது நெரிசல். வீட்டுக்கு ஃபைபர் வருதுன்னா அது உங்களுக்கே உங்களுக்குன்னு வர்றது இல்லை. பரவலா இருக்கிற ஜிபான் முறையில ஒரு இழையில கீழ்நோக்கி 2.488 கிகாபிட், மேல்நோக்கி 1.244 கிகாபிட், அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கும். அந்த இழை போய்ச் சேருற இடத்துலேர்ந்து மேல போற குழாய் இன்னும் இறுக்கமா இருக்கலாம். ஆளு சேர்த்துக்கிட்டே போய் குழாயைப் பெருசாக்காம விட்டா ராத்திரி எல்லாரும் படம் பார்க்க உக்காரும்போது உங்க 128 டம்ளர் கியூவுல நிக்கும். காலை, ராத்திரி ரெண்டு வேளையும் கண்டபடி லாஸ்னா ஃபைபர்லயே பழுது இருக்கலாம். கதவிடுக்குல மடிஞ்சு கிடக்கிற ஃபைபர் வெளிச்சத்தைக் கசிய விடும். டெக்னீஷியன் வந்தா "பவர் எவ்ளோ அண்ணே?"ன்னு கேளுங்க. மைனஸ் 20 பக்கம்னா கவலை இல்லை, மைனஸ் 27-ஐ நெருங்குச்சுன்னா பொட்டி தட்டுத் தடுமாறித்தான் படிக்கும்.

ரெண்டு ஜன்னலும் சுத்தம், மூணாவது மட்டும் மோசம்னா வழி சரியில்லை. சென்னைக்காரன் பாக்கெட் சிங்கப்பூர் போய்ட்டு மும்பை வர்ற கொடுமையெல்லாம் நடக்கும். உள்ளூர்ப் போக்குவரத்து வெளிநாடு சுத்தக் கூடாதுன்னுதான் 2003-ல நிக்சி ஆரம்பிச்சாங்க. அங்கேயோ வேற எங்கேயோ கம்பெனிங்க ஒழுங்கா இணைச்சுக்கணுமே. சில சமயம் நிஜமாவே யார் கையிலயும் இருக்காது. 2025 செப்டம்பர்ல செங்கடல்ல கேபிள் அறுந்தப்போ ஐரோப்பா சர்வர்ல ஆடுறவங்க பிங் ஏறினதுக்கு உங்க ஏரியா லைன்மேனைத் திட்டி என்ன பண்றது?

ட்ரேஸ்ரூட் பத்தி ஒரு எச்சரிக்கை. நடுவுல ஒரு வரியில நட்சத்திரமா வருது, இல்ல 60 பர்சன்ட் லாஸ்னு காட்டுது, ஆனா அதுக்கு அடுத்த வரியெல்லாம் சுத்தமா இருக்குன்னா அங்க ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த ரவுட்டர் தன்னோட வேலையைப் பார்த்துக்கிட்டு உங்க விசாரிப்புக்குப் பதில் சொல்ல சோம்பல் படுது, அவ்ளோதான். ஒரு இடத்துல ஆரம்பிச்ச லாஸ் கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தாத்தான் குத்தம். இந்த வித்தியாசம் தெரியாம ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா கம்பெனிக்காரன் அதை வச்சே உங்களை மடக்கிடுவான்.

இப்போ என் சித்தி பையன் கதை. பல்லாவரத்துல இருக்கான், காலேஜ் ரெண்டாவது வருஷம். வருஷ சந்தா மொத்தமா முன்கூட்டியே கட்டின இணைப்பு (கம்பெனி பேரு வேணாம்). ஆட்டத்துக்கு நடுவுல பிங் 400, 500 போகும், டீம் நாலு பேர் திட்டுவாங்க, வெளியே தள்ளப்பட்டா ஆட்டத்தை விட்டு ஓடினதாக் கணக்கு வச்சு கேம் தண்டனை குடுக்கும். அவன் நாலு தடவை புகார் குடுத்தான். நாலு தடவையும் ஸ்பீட் டெஸ்ட், நாலு தடவையும் க்ளோஸ். அஞ்சாவது தடவை, "200 பிளானுக்கு மாறுங்க, சரியாயிடும்"னாங்க. சித்தப்பா பணம் கட்டினார். ஒரு மண்ணும் மாறலை. "கேம்ல தோத்துட்டு நெட் மேல பழி போடுறான்"னு வீட்டுல பேச்சு வேற. "அண்ணா, நீங்களாவது வந்து பாருங்கண்ணா"ன்னு கூப்பிட்டான்.

போய் மூணு ஜன்னல் போட்டேன். சும்மா இருக்கும்போது எல்லாம் சுத்தம். வாசல்ல மாட்டின கேமரா நாலும் வீடியோவை மேலே ஏத்த ஆரம்பிக்கும்போது ரெண்டாவது ஜன்னல் 4-லேர்ந்து 480. நிறுத்தினா மறுபடி 4. பாக்கெட் தொலையவே இல்லை, கியூவுல நின்னுக்கிட்டிருந்தது. அப்லோடு குழாய் நிறைஞ்சதும், கம்பெனி குடுத்த பொட்டி மிச்சத்தையெல்லாம் தூக்கி எறியாம அரை வினாடி அளவுக்கு அடுக்கி வச்சுக்குது. வீடியோவுக்கு முன்னாடி, பின்னாடின்னு பாகுபாடு இல்லாம கேம் பாக்கெட்டும் அந்த வரிசையிலேயே நிக்குது. அப்பார்ட்மெண்ட்ல ஒருத்தர் வீடு காலி பண்றார்னு லிஃப்ட்ல பீரோ, கட்டில்னு ஏத்திக்கிட்டிருக்க, கையில ஒரு லெட்டரோட வந்தவனும் எல்லாம் முடியுற வரைக்கும் நிக்கணுமா? 200 பிளான்ல டவுன்லோடுதான் இரட்டிப்பாச்சு, அப்லோடு அப்படியே இருந்தது. வித்தவங்களுக்கு இது தெரியாதா?

இந்த வியாதிக்குப் பேரு பஃபர்பிளோட். ஜிம் கெட்டிஸ்ங்கிறவர் தன் வீட்டு இணைப்புலயே இதைக் கண்டுபிடிச்சு 2010, 2011-ல ஊருக்கெல்லாம் சொன்னார். 2012-ல கேத்லீன் நிக்கல்ஸும் வேன் ஜேகப்சனும் (ட்ரேஸ்ரூட் எழுதினாரே, அவரேதான்) கோடெல்னு ஒரு மருந்து எழுதினாங்க. வரிசையில எவ்ளோ பேர் நிக்கிறாங்கன்னு பார்க்காம, எவ்ளோ நேரமா நிக்கிறாங்கன்னு பார்க்கிற முறை. அதோட ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசைன்னு சேர்த்து லினக்ஸ் கெர்னல்ல அதே வருஷம் வந்துடுச்சு. இலவசம். டேவ் டாட்னு ஒரு மனுஷன், இந்த மருந்தை ஊர் ஊரா, கம்பெனி கம்பெனியா எடுத்துக்கிட்டுப் போய் "போடுங்கப்பா, போடுங்கப்பா"ன்னு கத்தியே வாழ்நாளைக் கழிச்சார். 2025 ஏப்ரல்ல இறந்துட்டார். பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் சித்தப்பா வீட்டுப் பொட்டியில அந்த வசதி இல்லை. இருந்திருந்தாலும் தொட முடியாது. அட்மின் பாஸ்வேர்டு கம்பெனிகிட்ட.

எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். வைஃபை சரியில்லைன்னா "அது உங்க வீட்டுப் பிரச்சினை சார்"ங்கிறாங்க. ஆனா அந்த வைஃபை பொட்டி அவங்க குடுத்தது, டெபாசிட் வாங்கிட்டுக் குடுத்தது, பூட்டிட்டுக் குடுத்தது. சாவி உன் பாக்கெட்ல, பழி என் தலையிலயா? தேர்ந்தெடுத்ததும் பூட்டினதும் நீன்னா, உள்ளே நிக்கிற கியூவும் உன்னோடது.

அவனுக்கு சொந்தமா ஒரு ரவுட்டர் வாங்கி, அதுல ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டு, எஸ்.க்யூ.எம்.னு இருக்கிற வசதியைத் திறந்து, அப்லோடை நிஜ அளவுல 90 பர்சன்டுக்கு நிறுத்தினோம். கேமரா நாலும் ஓடும்போதே பிங் 30 பக்கமே நின்னுது. கம்பெனிப் பொட்டியை வெறும் பாலமா மாத்திக் குடுங்கன்னு கேட்டதுக்கு மூணு வாரம் இழுத்தடிச்சாங்க, அது தனிக் கதை.

"இதுக்கெல்லாம் டிராய் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. 2006-லேயே பிராட்பேண்ட் தர விதி போட்டாங்க. நாட்டுக்குள்ள தாமதம் 120 மில்லிசெகண்டுக்குக் கீழ, பாக்கெட் லாஸ் ஒரு பர்சன்டுக்குக் கீழ. படிச்சா நல்லாத்தான் இருக்கு. எங்கேர்ந்து அளக்கணும்னு பார்த்தா கம்பெனியோட நிலையத்துலேர்ந்து! என் வீட்டுலேர்ந்து அந்த நிலையம் வரைக்கும் இருக்கிற, மேல சொன்ன அத்தனை கூத்தும் நடக்கிற துண்டு கணக்குலயே இல்லை. 2024-ல பழைய விதிகளை எடுத்துட்டு மொபைல், லேண்ட்லைன், பிராட்பேண்ட் எல்லாத்துக்கும் சேர்த்து புதுசாப் போட்டாங்க, அக்டோபர்லேர்ந்து அமல். அதுலயும் தாமதம், பாக்கெட் லாஸ் உண்டு. ஆனா கம்பெனி நெட்வொர்க்கோட சராசரி நல்லா இருக்கிறதும் உங்க வீட்டு ராத்திரி ஒன்பதரை மணி நல்லா இருக்கிறதும் வேற வேற. பில்லுலயோ விளம்பரத்துலயோ எம்பிபிஎஸ் பக்கத்துல இன்னொரு நம்பரைப் போடுங்க, நெரிசல் நேரத்துல வீட்டுப் பொட்டியிலேர்ந்து மும்பைக்கு இத்தனைன்னு. போட மாட்டாங்க. போட்டா அடுத்த நாளே நாம பிடிச்சுக்குவோம்ல.

"விளையாட்டுதானே, இதுக்கு ஏன் இவ்ளோ ஆர்ப்பாட்டம்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். 2022 டிசம்பர்ல இ-ஸ்போர்ட்ஸை மத்திய அரசு விளையாட்டுப் போட்டி வரிசையில சேர்த்துச்சு. 2025-ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துலயும் பணம் கட்டி ஆடுறதைத் தடை பண்ணிட்டு இதை அங்கீகரிச்சிருக்காங்க. சட்டத்துல விளையாட்டு, கஸ்டமர் கேர்ல வெட்டி வேலையா? அதை விடுங்க. அதே 480 மில்லிசெகண்ட் கியூவுலதான் ஒரு பொண்ணோட இன்டர்வியூ காலும் நிக்குது, கிராமத்துலேர்ந்து டாக்டரைப் பார்க்கிற பெரியவரோட வீடியோவும் நிக்குது. அவங்களுக்கு பிங்னா என்னன்னு தெரியாது, "சரியாக் கேக்கலைங்க"ன்னு சொல்லிட்டு வச்சுடுறாங்க. கேம் ஆடுறவனுக்கு மட்டும்தான் மில்லிசெகண்ட்ல வலிக்குது, அதனால அவன் முதல்ல கத்துறான்.

புகார் குடுக்கும்போது "லேக் ஆகுது"ன்னு சொல்லாதீங்க. "லேன் கேபிள்ல, ரவுட்டருக்கு 1, உங்க முதல் முகவரிக்கு ராத்திரி 9.30-லேர்ந்து 10 வரைக்கும் சராசரி 60, லாஸ் 3 பர்சன்ட், காலையில 3, லாஸ் இல்லை, அஞ்சு நாள் பதிவு இருக்கு"ன்னு எழுத்துல குடுங்க. புகார் எண்ணை வாங்கி வச்சுக்கங்க. க்ளோஸ் பண்ணிட்டா மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒருத்தர் இருந்தாகணும், 2012 விதிப்படி. அந்த எண்ணோட அவருக்குப் போங்க. வருஷ சந்தாவைப் புதுப்பிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிச்சீங்கன்னா பதில் கொஞ்சம் மரியாதையா வரும் :-)

கொசுறு: டி.என்.எஸ்.ஸை 1.1.1.1-னு மாத்தினா பிங் குறையாது. அது பேரைச் சொல்லி விலாசம் கேக்கிற இடம், ஆட்டம் ஆரம்பிச்ச அப்புறம் அதுக்கு வேலையே இல்லை. "கேம் பூஸ்டர்"னு மாசம் காசு வாங்குற சமாச்சாரம், மூணாவது ஜன்னல் மட்டும் மோசமா இருக்கிறவங்களுக்கு வழி மாத்தி விட்டு எப்பவாவது உதவலாம். முதல் ரெண்டு ஜன்னல்ல குத்தம்னா காசு தண்டம். பிளேஸ்டேஷன்காரங்க "நேட் டைப்" தகராறுன்னா ரவுட்டரோட வெளி முகவரியைப் பாருங்க. 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள இருந்தா ஒரே முகவரியைப் பல வீடு பங்கு போடுதுன்னு அர்த்தம். பொது முகவரி கேளுங்க, அதுக்குத் தனியா காசு கேப்பாங்க.